வேர்முடிச்சுக் கிருமியின் பெயரும் மூல வம்சமும்

பயறு வகைப் பயிர் எதுவாயினும், விதைத்த முப்பது நாற்பது நாட்களில் அதனை வேர் அறாமல் மண்வெட்டியால் பெயர்த்தெடுத்து நீரில் அலசிப் பார்த்தால், கடுகு முதல் மிளகு வரையிலான பருமனில் சிறு முடிச்சுகள் வேரில் ஒட்டியிருப்பதைக் காணலாம். புதிதாகப் பார்க்கும் சிலர் இவற்றைப் பூச்சி அரித்த புண் என்றோ நோய் என்றோ எண்ணி அஞ்சுவதுண்டு. உண்மையில் இம்முடிச்சுகளே பயிரின் உரக்கிடங்கு. முதிர்ந்த முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கையில் உட்புறம் சிவந்திருப்பின் அது நன்கு வேலை செய்கின்றதென்றும், வெளுத்தோ பச்சையாகவோ இருப்பின் வேலை செய்யவில்லையென்றும் அறிந்துகொள்ளலாம். முடிச்சினுள் குடியிருக்கும் நுண்கிருமிகள், காற்றில் ஐந்தில் நாலு பங்கு அளவுக்கு நிறைந்துள்ள நைட்ரஜனைப் பற்றிப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன. பயிரோ, தன் இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிருமிகளுக்கு ஈடாக அளிக்கின்றது.

இக்கிருமிகளைச் சோதனைச் சாலையில் பெருக்கி, லிக்னைட் முதலிய பொடிகளில் கலந்து பொட்டலங்களாகவும், திரவமாகக் குப்பிகளிலும் விற்பனை செய்துவருவது குடியானவர்கள் நன்கறிந்த விஷயம். ஆனால் டிப்போவில் எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. சென்ற வருஷம் வாங்கிய பொட்டலத்தில் ஒரு பெயரும், இவ்வருஷம் வாங்கியதில் வேறொரு பெயரும் அச்சிடப்பட்டிருப்பின், சரக்கே மாறிவிட்டதா, அல்லது பெயர் மட்டும் மாறியதா? பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்டவரைத் தட்டிக்கழித்து அனுப்புவது தகாது. ஏனெனில், சில சமயங்களில் பெயர் மட்டுமே மாறியிருக்கும். சில சமயங்களில் கிருமியே வேறாக இருக்கும். முன்னதால் நஷ்டம் ஒன்றுமில்லை. பின்னதாயின், விதையோடு கலந்த கிருமி அப்பயிரின் வேரைத் தீண்டாமலே மடிந்துபோகும்; பயிர் மஞ்சளித்து நின்ற பிறகே உண்மை வெளிப்படும். அதற்குள் பருவம் கடந்துவிடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டுமாயின், ஒரு கிருமியின் பெயர் எதன்மீது நிற்கின்றது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குப் பட்டாணியின் வேர்முடிச்சுக் கிருமியைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. நீலகிரியிலும் கோடைக்கானல் மலையிலும் பயிராகும் அந்தப் பட்டாணியின் கிருமிக்கே ரைசோபியம் என்னும் பெயர் முதலில் உரியது. அந்த மூலப் பெயரிலேயே குழப்பம் புகுந்து, 2008-ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது.

பெயர் பிறந்த வகை

பயறு வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன என்பதையும், அதற்கு வேர்முடிச்சே காரணம் என்பதையும் 1886-ஆம் ஆண்டு முதல் 1888 வரையில் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் ஐயமற நிலைநாட்டினர். 1888-இல் ஹாலந்து தேசத்தில் டெல்பட் நகரில் பெயெரிங்க் என்பவர் முடிச்சிலிருந்து கிருமியைத் தனியே பிரித்து வளர்த்து, அதற்குப் பாசில்லஸ் ரேடிசிகோலா, அதாவது வேரில் வாழும் பாசில்லஸ், என்று பெயரிட்டார். ஜெர்மானியரான பிராங்க் என்பவர் 1879-இலேயே முடிச்சினுள் இருப்பதைக் காளான் வகை என்று கருதி லெகுமினோசாரம் என்னும் பெயரை அதற்கு வைத்திருந்தார். 1889-இல் அவரே கருத்தை மாற்றிக்கொண்டு, ரைசோபியம் லெகுமினோசாரம் என்று அதனைத் திருத்தி அமைத்தார். ரைசோபியம் என்றால் வேரில் உயிர்வாழ்வது. லெகுமினோசாரம் என்றால் பயறு வகைகளுக்கு உரியது. இதுவே நிலைத்த பெயர்.

பிறகு கிருமிகளைப் பயிரை வைத்துப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. பட்டாணிக்கு முடிச்சு உண்டாக்குவது லெகுமினோசாரம், குளோவர்ப் புல்லுக்கு டிரைபோலி, பீன்ஸுக்குப் பாசியோலி. பின்னிரு பெயர்களும் 1926-இல் பிரெஞ்சுக்காரரான டாங்கெயார் என்பவரால் வழங்கப்பட்டவை. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிரெட், பால்ட்வின், மக்காய் என்னும் மூவர் 1932-இல் வெளியிட்ட பெரு நூலில், எந்தக் கிருமி எந்தப் பயிர்க் கூட்டத்துக்கு உரியது என்னும் அட்டவணையை விரிவாக அமைத்தனர். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை முதலிய உஷ்ண தேசப் பயிர்களெல்லாம் அதில் தட்டைப்பயற்றுக் கூட்டம் என்ற ஒரே மூட்டையில் கட்டப்பட்டன.

குடியானவனுக்கு இம்முறை மிகவும் வசதியானது என்பதில் ஐயமில்லை. பயிரின் பெயரைச் சொன்னால் கிருமியின் பெயர் தானே வந்துவிடும். ஆயினும் இயற்கை அட்டவணைக்கு அடங்கவில்லை. ஒரு கூட்டத்துக் கிருமி மற்றொரு கூட்டத்துப் பயிரில் முடிச்சு உண்டாக்கிய செய்திகள் பல இடங்களிலிருந்து வந்தன. 1944-இல் வில்ஸன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இம்முறையைக் கைவிடுவதற்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட காரணங்கள் உள்ளன என்று தலைப்பிலேயே கூறி ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பில் சிறிது கோபம் தொனித்தாலும், விஷயம் உண்மையானதே.

முத்திரைப் படி

பயிரை வைத்துப் பிரிப்பது சரியன்றெனில், எதை வைத்துப் பெயரிடுவது? இங்கேதான் மூல வம்சம் என்பது வருகின்றது.

நெல்லை எடுத்துக்கொள்வோம். கிச்சிலிச் சம்பா என்று வியாபாரிகள் சொல்லும் நெல்லெல்லாம் ஒரே நெல் ஆகாது. ஊருக்கு ஊர் பெயர் மாறும். ஒரே பெயரில் வேறு நெல்லும் வரும். ஆனால் கோயமுத்தூர் நிலையத்திலிருந்து 1921-இல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்று எண்ணிட்டுச் சொன்னால், ஐயத்துக்கு இடமில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நிலையத்தின் விதை உண்டு. கிருமிகளுக்கும் இவ்வாறே. ஒரு முடிச்சிலிருந்து பிரித்தெடுத்து, ஒரே கிருமியின் சந்ததியாகக் கலப்பின்றி வளர்த்துவரும் வளர்ப்பை வம்சம் என்று சொல்லலாம். ஓர் இனத்துக்குப் பெயரிடுபவர், அவ்வினத்தைச் சேர்ந்த ஒரு வம்சத்தைச் சுட்டி, இதுவே இப்பெயருக்கு மூலம் என்று அறிவிக்க வேண்டும். அதன்பிறகு உலகில் எங்கே எந்தக் கிருமி அகப்பட்டாலும், அதனை மூல வம்சத்தோடு ஒப்பிட்டு, போதிய அளவு ஒத்திருந்தால் அப்பெயரையும், ஒவ்வாவிடில் வேறு பெயரையும் கொடுப்பர். இனத்தின் வருணனை நூலில் எவ்வளவு விரிவாக எழுதப்பட்டிருப்பினும், வழக்கு வந்தால் தீர்ப்பளிப்பது குழாயிலுள்ள உயிருள்ள கிருமியே.

முன்னாளில் தானியம் அளப்பதற்கு முத்திரைப் படி இருந்ததை முதியவர்கள் அறிவர். கடைத்தெருவிலுள்ள படிகளெல்லாம் அதனோடு ஒப்பிட்டே சோதிக்கப்பட்டன. மூல வம்சம் அத்தகைய முத்திரைப் படி. ஆனால் ஒரு பேதம் உண்டு: பித்தளைப் படி பெட்டியில் கிடந்தால் அப்படியே கிடக்கும்; கிருமியோ உயிருள்ள பொருள். அதனைப் பாதுகாப்பதற்கென்றே கிருமிப் பண்டசாலைகள் பல தேசங்களில் நடத்தப்படுகின்றன. அமெரிக்க விவசாய இலாகாவின் வேர்முடிச்சுக் கிருமித் தொகுதி மேரிலாந்து ராஜ்யத்தில் பெல்ட்ஸ்வில் என்னும் ஊரில் உள்ளது. அதன் எண்களுக்கு முன் யு.எஸ்.டி.ஏ. என்னும் எழுத்துகள் வரும். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரிலுள்ள பண்டசாலைக்கு டி.எஸ்.எம். என்பது அடையாளம், ஸ்காத்லாந்தில் அபர்தீன் நகரிலுள்ளதற்கு என்.சி.ஐ.எம்.பி. ஒரே வம்சம் பல பண்டசாலைகளில் வைக்கப்படும்போது ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் எண் பெறும். எனவே ஒரு வம்சத்துக்கு நான்கைந்து எண்கள் இருப்பது சாதாரணம். அவையெல்லாம் ஒன்றே என்று சமக்குறி இட்டு எழுதுவர்.

அந்தச் சமக்குறியை நம்பித்தான் ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன. அது பொய்யானால்?

ஒரு பெயரில் இரண்டு குழாய்கள்

கிருமிகளுக்குப் பெயரிடும் விதிகள் சர்வதேச அளவில் வகுக்கப்பட்டு, 1980-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியோடு பழம் பெயர்க் கணக்கு முடிக்கப்பட்டது. அன்று அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறாத பழைய பெயர்களுக்கு அதன்பின் உரிமை இல்லையாயிற்று. லெகுமினோசாரம், டிரைபோலி, பாசியோலி ஆகிய மூன்றும் அப்பட்டியலில் இடம்பெற்றன. நான்கு வருஷங்களுக்குப் பின், 1984-இல் வெளிவந்த பெர்கி கையேட்டில், ஜார்டன் என்பவர் இம்மூன்றும் ஒரே இனம் என்று தீர்மானித்து, லெகுமினோசாரம் என்னும் மூத்த பெயரின்கீழ் மூன்று பிரிவுகளாக அடக்கினார். இது பெரும்பாலோரால் ஏற்கப்பட்டது.

இதற்கிடையே, லெகுமினோசாரத்தின் மூல வம்சம் என்று சொல்லப்பட்டது ஒரு பண்டசாலையில் மட்டும் இல்லை. பெல்ட்ஸ்வில்லில் யு.எஸ்.டி.ஏ. 2370 என்றும், பிரவுன்ஷ்வைக்கில் டி.எஸ்.எம். 30132 என்றும், அபர்தீனில் என்.சி.ஐ.எம்.பி. 11478 என்றும் அது இருந்துவந்தது. எழுத்தில் எல்லாம் ஒன்றே. ஒரு சோதனைச் சாலை ஜெர்மனியிலிருந்து மூல வம்சத்தைத் தருவித்தால், மற்றொன்று அமெரிக்காவிலிருந்து தருவித்தது. இரண்டும் லெகுமினோசாரத்தின் மூலத்தோடு தம் கிருமிகளை ஒப்பிட்டதாகவே எழுதின.

ஸ்பெயின் தேசத்தில் ஸலமாங்கா நகரத்து ஆராய்ச்சியாளர்கள் இவ்வம்சங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். உருவத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது. தட்டில் வளர்த்தால் எல்லாம் வெண்மையான, பிசுபிசுப்பான, பால் துளி போன்ற கூட்டங்களே. கிருமிகளை வகைப்படுத்துவதற்குப் பெரிதும் நம்பப்பட்டுவரும் 16எஸ் என்னும் மரபணுவும், ரைசோபியம் பேரினத்தில் நெருங்கிய உறவினர்க்கிடையே அதிக வேற்றுமை காட்டுவதில்லை; பங்காளிகளின் குடும்பப் பெயரை மட்டும் கேட்டு ஆளை அடையாளம் காண முயல்வதைப் போன்றது அது. ஆகையால் அவர்கள் ரெக்-ஏ, ஏ.டி.பி.-டி என்னும் வேறிரு மரபணுக்களையும் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டனர். அன்றியும், இரு கிருமிகளின் டி.என்.ஏ. முழுவதையும் கலந்து, எத்தனை பங்கு ஒன்றோடொன்று பிணைகின்றதென்று அளக்கும் முறையையும் கையாண்டனர். நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறைந்தால் இரண்டும் ஒரே இனமல்ல என்பது நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு.

முடிவு தெளிவாக இருந்தது. யு.எஸ்.டி.ஏ. 2370-உம் டி.எஸ்.எம். 30132-உம் ஒரே வம்சமல்ல. வம்சம் கிடக்கட்டும், ஒரே இனமும் அல்ல. அபர்தீனிலுள்ள 11478 ஜெர்மன் குழாயோடு ஒத்தது. அதாவது, ஒரே முத்திரை குத்தப்பட்ட இரண்டு படிகள் இரண்டு கச்சேரிகளில் இருந்தன. ஒன்றின் கொள்ளளவு மற்றொன்றின் கொள்ளளவு அல்ல.

வளர்ப்புகளைக் கையாளும் இடங்களில் இத்தகைய பிசகு எவ்வழியிலும் நேரக்கூடும். கிருமியை அவ்வப்போது பழைய குழாயிலிருந்து புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டியிருந்த காலத்தில், ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சீட்டு எழுதப்பட்டது. பக்கத்துக் குழாயின் சீட்டு ஒட்டப்பட்டாலும், அயல் கிருமி ஒன்று புகுந்து மூலக் கிருமியை அடக்கிவிட்டாலும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாதாகையால் பிழை அப்படியே பரம்பரையாகத் தொடரும். விதைப் பண்ணையில் கதிர் வந்ததும் கலப்பன் தலை நீட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். குழாயில் அந்த வசதி இல்லை.

ஒன்று கவனிக்கத் தக்கது. பல இடங்களில் வைத்ததனாலேயே குழப்பம் வந்தது என்று குறைகூறுவோர் இருக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் மட்டும் வைத்திருந்து, அவ்விடத்துக் குழாய் மாறிப்போயிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க வேறு சாட்சி இன்றிப் பிழையே உண்மையாக நின்றுவிட்டிருக்கும். புதிய இனத்துக்குப் பெயரிடுவோர் அதன் மூல வம்சத்தை வெவ்வேறு தேசங்களிலுள்ள இரண்டு பண்டசாலைகளிலேனும் ஒப்படைக்க வேண்டுமென்று 2001 முதல் விதி இருப்பது நியாயமே.

இனி, தீர்ப்பு எவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் பார்ப்போம். ரைசோபியம் லெகுமினோசாரம் என்னும் பெயர் யு.எஸ்.டி.ஏ. 2370-உடன் நின்றது. டி.எஸ்.எம். 30132 வம்சத்துக்குப் புதிய இனமாக ரைசோபியம் பிசை என்று பெயர் சூட்டப்பட்டது. பிசை என்றால் பட்டாணிக்குரியது. டிரைபோலியின் மூல வம்சத்தைச் சோதித்ததில், அது உண்மையிலேயே லெகுமினோசாரத்தைச் சேர்ந்ததென்று தெரிந்தது. ஆகவே அப்பெயர் மூத்த பெயரில் கரைந்தது. பாசியோலியின் மூல வம்சமோ தனி இனமென்று தெரிந்து, 1984-இல் இழந்த தனிப் பெயரை மீண்டும் பெற்றது. ஜார்டன் செய்த இணைப்பில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு என்றாயிற்று. அவர் காலத்தில் கையிலிருந்த கருவிகளைக் கொண்டு அதற்குமேல் தீர்ப்பது எளிதன்று.

விவகாரம் அத்தோடு முற்றும் ஓயவில்லை. கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்கும் வசதி வந்தபின், லெகுமினோசாரம் என்று வழங்கப்பட்டுவந்த கூட்டத்தில் 18 தனி இனங்கள் பிரித்துக் காணக்கூடியன என்று 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அவற்றுள் எது லெகுமினோசாரம் என்னும் பெயருக்கு உரியது? 2370 எதனுள் விழுகின்றதோ அது. மூல வம்சம் இன்னதென்று 2008-இல் உறுதிப்படாதிருந்தால் இக்கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்திருக்கும்.

பயிரைத் தேர்வது எது?

குளோவரில் முடிச்சு உண்டாக்கும் கிருமியும் பட்டாணியில் முடிச்சு உண்டாக்கும் கிருமியும் ஒரே இனமாயிருக்க, பட்டாணிக்கே இரண்டு இனங்கள் உழைப்பது எவ்வாறு? பயிரை வைத்துப் பெயரிட்டவர்கள் ஏன் தவறினர்? இதற்கு விடை 1978-இல் கிடைத்தது. இங்கிலாந்தில் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் நிலையத்தார், முடிச்சு உண்டாக்கும் திறமை கிருமியின் பிரதான மரபுத் தொகுதியில் இல்லாமல், பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் இருக்கின்றதென்றும், அவ்வளையம் ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குச் செல்லக்கூடியதென்றும் காட்டினர். பட்டாணி வளையம் பெற்ற கிருமி பட்டாணிக்கு உழைக்கும். அவ்வளையத்தை இழந்தால் அதே கிருமி, அதே இனமாக, மண்ணில் சும்மா வாழ்ந்துகொண்டிருக்கும்.

பழைய முறையின் பிழை இதனால் விளங்கும். ஆளின் கையிலுள்ள மண்வெட்டியைப் பார்த்து அவன் குலத்தைத் தீர்மானித்ததைப் போன்றது அது, மண்வெட்டி கைமாறக்கூடியது. ஆகையால் இப்பொழுது இனத்தின் பெயர் ஒன்றாகவும், அது எப்பயிருக்கு உழைக்கும் என்பது தனிக் குறிப்பாகவும் எழுதப்படுகின்றன. ஆயினும் எல்லா வேர்முடிச்சுக் கிருமிகளிலும் இத்திறமை பிளாஸ்மிட்டில் இருப்பதாக எண்ணலாகாது. இந்நாட்டுப் பயறுகளுக்கு உழைக்கும் மெதுவாக வளரும் கிருமிகளில் இம்மரபணுக்கள் பெரும்பாலும் பிரதான தொகுதியிலேயே அமைந்துள்ளன.

ரோஜா, கொடிமுந்திரி, பழமரங்கள் முதலியவற்றின் தண்டடியில் கழலை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்னும் நோய்க்கிருமியின் கதையும் இதற்கு இனமானதே. கழலை உண்டாக்குவதை டியூமபேசியன்ஸ் என்றும், உண்டாக்காமல் மண்ணில் வாழ்வதை ரேடியோபாக்டர் என்றும் இரண்டு இனங்களாக எண்ணிவந்தனர். கழலைத் திறமையும் ஒரு பிளாஸ்மிட்டில் இருப்பதென்றும், இரண்டின் மூல வம்சங்களும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையென்றும் பின்னர் தெரியவந்தது. ஒன்றாகக் கருதுமிடத்து எப்பெயர் செல்லும்? ரேடியோபாக்டர் என்னும் சொல் 1902-இலும், டியூமபேசியன்ஸ் என்பது 1907-இலும் முதன்முதல் வழங்கப்பட்டமையால், மூத்ததற்கே உரிமை என்று பெயர் விவகாரங்களைத் தீர்க்கும் சர்வதேசக் குழு 2014-இல் முடிவு கூறிற்று. நோயின் பெயரோடு ஒட்டிப் பழகிய டியூமபேசியன்ஸை விடுவதற்குப் பலருக்கு மனம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பொட்டலத்தைப் பார்க்கும் வகை

இந்த விவரங்களிலிருந்து சமவெளிக் குடியானவர் அறியவேண்டியது என்ன? முதலாவதாக, உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றுக்கு உழைப்பது பெரும்பாலும் ரைசோபியம் என்னும் பேரினமே அல்ல. மெதுவாக வளரும் இக்கிருமிகள் 1982-இல் பிராடிரைசோபியம் எனத் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டன. பொட்டலத்தில் ரைசோபியம் என்றே அச்சிடும் வழக்கம் இன்னும் உள்ளது. உயிர் உரங்களைப் பற்றிய சர்க்கார் உத்தரவிலும் தலைப்பு அதுவே. இது பழைய பொதுப் பெயர். உளுந்துப் பொட்டலத்தில் ஒரு கம்பெனி ரைசோபியம் என்றும் மற்றொன்று பிராடிரைசோபியம் என்றும் போட்டிருப்பதைக் கொண்டு மட்டும் ஒன்று அசல், ஒன்று போலி என்று முடிவு செய்துவிடலாகாது.

சோயா மொச்சையின் கிருமி நல்ல உதாரணம். யு.எஸ்.டி.ஏ. 110 என்னும் வம்சம் சோயாவுக்கு மிகவும் பேர்பெற்றது. இது நெடுங்காலம் ஜப்பானிக்கம் என்னும் இனத்தில் வைத்து எண்ணப்பட்டுவந்தது. 2013-இல் இதனைப் பிரித்து டையசோஎபிஷியன்ஸ் என்னும் புது இனமாக்கினர். கிருமி அதே கிருமி, குழாய் அதே குழாய், முடிச்சும் அதே முடிச்சு. 110 என்னும் எண்ணை அறிந்தவன் பெயர் மாற்றத்தால் கலங்க வேண்டியதில்லை. கொண்டைக்கடலையின் கிருமியும் 1994-இல் ரைசோபியம் சிசெரி என்று பெயர் பெற்று, 1997-இல் மெசோரைசோபியம் சிசெரி ஆயிற்று. இதுவும் பெயர் மாற்றமே, சரக்கு மாற்றமன்று.

மாறாக, உளுந்துக்கென்று வாங்கிய பொட்டலத்தைக் கொண்டைக்கடலை விதையில் கலப்பவன், உறையின்மேல் ரைசோபியம் என்னும் ஒரே சொல் இருப்பதைக் கண்டு ஏமாறுகின்றான். இங்கே பெயர் ஒன்று, கிருமி வேறு. கொண்டைக்கடலைக்கும் சோயாவுக்கும் இந்த எச்சரிக்கை முக்கியமாக வேண்டும். உளுந்தும் தட்டைப்பயறும் காலங்காலமாகப் பயிராகிவரும் நிலத்தில், பொட்டலம் தவறினாலும் மண்ணிலுள்ள கிருமி ஓரளவு கைகொடுக்கும். சோயா முன்னர் விளைந்திராத நிலத்திலோ அதற்குரிய கிருமி இராது. பொட்டலம் தவறினால் முடிச்சே விழாமல் போகலாம்.

இந்திய சர்க்கார் 2006-இல் உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்கீழ் கொண்டுவந்தபோது விதித்த தரத்தில் ஒரு நிபந்தனை இங்கே நோக்கத்தக்கது. பொடியாயின் கிராமுக்கு ஐந்து கோடி, திரவமாயின் மில்லிலிட்டருக்குப் பத்துக் கோடி உயிருள்ள கிருமிகளேனும் இருக்க வேண்டும் என்பதோடு, உறையில் குறிக்கப்பட்ட பயிர்கள் எல்லாவற்றிலும் பயனுள்ள முடிச்சுகளை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்றும் அது கூறுகின்றது. பெயர்ச் சண்டையில் இறங்காமல் வேரையே சாட்சிக்கு அழைத்தது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

ஆகையால் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது பயிரின் பெயர். அடுத்தது காலாவதித் தேதி. வம்சத்தின் எண் அச்சிடப்பட்டிருப்பின் அதனைக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது நலம். லத்தீன் பெயர் மறந்துபோனாலும் பாதகமில்லை. நல்ல மகசூல் கண்ட வருஷத்தின் எண் கையிலிருந்தால், மறுவருஷம் பெயர் மாறி வந்த பொட்டலத்தில் அதே எண் இருக்கின்றதா என்று பார்த்துவிடலாம். எண் இல்லாத பொட்டலமாயின், உறையையே பத்திரப்படுத்த வேண்டும்.

விதை நேர்த்தி முறை பலரும் அறிந்ததே. ஓர் ஏக்கருக்கு வேண்டிய பயறு விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் கரைத்து, விதையின்மேல் சீராகப் படியும்படி கலந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சாண மருந்து கலப்பதாயின் அதை முதலில் கலந்து, ஒரு நாள் கழித்தே கிருமியைச் சேர்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த விதையில் எவ்வளவு உயர்ந்த வம்சமும் பிழைக்காது.

புதிய பெயருள்ள பொட்டலத்தை முதன்முதலாகப் பயன்படுத்துவோர், வயலின் ஓர் ஓரத்தில் நாலு சால் மட்டும் கிருமி கலவாத விதையை ஊன்றிவைப்பது உத்தமம். அந்த விதையை முதலில் ஊன்றிவிட்டுப் பிறகே மற்றதைக் கையில் எடுக்க வேண்டும். இல்லாவிடில் கையில் ஒட்டிய பொடியே அதிலும் சேர்ந்துவிடும். முப்பத்தைந்தாம் நாள் அளவில் இரண்டிடத்திலும் பத்துப் பத்துச் செடிகளை வேர் அறாமல் பெயர்த்து, முடிச்சுகளை எண்ணி, சிலவற்றைக் கீறி நிறம் பார்த்து, இரண்டு வரிசையாக எழுதிக்கொள்ளலாம். கிருமி கலந்த செடிகளில் முடிச்சு அதிகமாகவும் சிவப்பாகவும் இருந்தால் அப்பொட்டலத்தை மறுவருஷமும் வாங்கலாம். இரண்டும் ஒரே மாதிரியாக இருப்பின், நிலத்திலேயே போதிய கிருமி இருக்கின்றதா அல்லது பொட்டலத்துக் கிருமி பயிருக்கு ஏற்றதன்றா என்பதை ஆராய வேண்டியிருக்கும். அப்போது, பத்திரப்படுத்திய உறையையும், ஈரத் துணியில் சுற்றிய செடிகளையும், எண்ணிய கணக்கையும் டிப்போவுக்கு எடுத்துச்சென்று காட்ட வேண்டும்.